நம் ஊரின் நிலப்பயன் திட்டம்: கருத்துக் கேட்பில் சாட்சியம் சொல்வது எப்படி

கோயம்புத்தூருக்கோ திருப்பூருக்கோ ஈரோட்டுக்கோ பக்கத்தில் இருக்கும் ஓர் ஊராட்சியில் தோட்டம் வைத்திருப்பவர், ஆடு மேய்ப்பவர், விசைத்தறி ஓட்டுபவர், கூலி வேலைக்குப் போகிறவர் என எல்லாருடைய அடுத்த இருபது ஆண்டுகளையும் பாதிக்கக்கூடிய காகிதம் ஒன்று உண்டு. அதன் பெயர் உத்தேச நில உபயோக வரைபடம். ஒரு புல எண்ணின் (சர்வே எண்) மேல் வேளாண்மைக்குரிய நிறம் இருக்கிறதா, குடியிருப்புக்குரியதா, தொழிற்சாலைக்குரியதா என்பதைப் பொறுத்தே அந்த நிலத்தில் பிறகு எதற்கு அனுமதி கிடைக்கும், எதற்குக் கிடைக்காது என்பது அமையும். அந்த வரைபடம் வரைவாக இருக்கும் சில மாதங்களில்தான் ஊரார் சொல்வதைக் கேட்க வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்துகிறது. ஒப்புதல் கிடைத்தபின் அதே குறையைச் சரிசெய்ய ஒவ்வொரு நிலத்துக்கும் தனித்தனியே அலைய வேண்டியிருக்கும்.

எங்கள் ஊருக்கு அந்த வாய்ப்பு முதன்முதலில் வந்தபோது, ஒரே வாசகத்தை அச்சடித்து, நூற்றுக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டுக் கொடுத்தோம். “எங்கள் விவசாயத்தைக் காப்பாற்றுங்கள்” என்ற வேண்டுகோள் அதில் இருந்தது. ஒரு புல எண் கூட இல்லை. நேரில் விசாரிக்க வேண்டும் என்ற வரியும் இல்லாததால் எங்களில் எவரையும் அழைக்கவில்லை. அன்று ஊரார் பட்ட வேதனை உண்மையானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்த வேதனையைத் திட்டத்தைத் திருத்துகிற அலுவலர் கையாளக்கூடிய வடிவத்தில் நாங்கள் கொடுக்கவில்லை. அந்த வடிவத்தை எப்படிக் கொடுப்பது என்பதை, அதன்பின் நான் பல மனுக்களை எழுத உதவியதிலிருந்து கற்றவற்றைக் கொண்டு இங்கே எழுதுகிறேன்.

எந்தக் கருத்துக் கேட்பு என்பதை முதலில் தெரிந்துகொள்ளுதல்

ஊருக்கு வரும் கூட்டங்கள் எல்லாம் ஒன்றல்ல. தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971 என்னும் சட்டத்தின் கீழ் உள்ளூர்த் திட்டக் குழுமம் தயாரிப்பது முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்). மேலே சொன்ன நில உபயோக வரைபடம் இதன் ஒரு பகுதி. அதற்குள் ஒரு சிறு பகுதிக்குச் சாலை, பொது இடம், மனைப்பகுதி ஆகியவற்றை நுணுக்கமாக வகுப்பது விரிவு அபிவிருத்தித் திட்டம். கிராம சபையில் வைக்கப்படும் கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டம் வேறு. அது ஊராட்சியின் பணிகளையும் செலவையும் பற்றியது. ஒரு குறிப்பிட்ட தொழிற்சாலைக்கோ சுரங்கத்துக்கோ சுற்றுச்சூழல் அனுமதி வழங்குமுன், 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நடத்தும் பொதுக் கேட்பு முற்றிலும் வேறானது. அங்கே திட்டத்தை முன்வைக்கும் நிறுவனமும் மேடையில் இருக்கும். நடவடிக்கைகளின் சுருக்கத்தைக் கூட்ட முடிவில் மக்கள் மொழியில் படித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. இவற்றில் எதற்கு அழைக்கப்பட்டிருக்கிறோம் என்று தெரியாமல் போகிறவர்கள் குப்பை வண்டி வரவில்லை என்பதை முழுமைத் திட்ட விசாரணையில் சொல்லிவிட்டுத் திரும்புவதை நான் பார்த்திருக்கிறேன். இந்தக் கட்டுரை பெரும்பாலும் முழுமைத் திட்டத்தைப் பற்றியது.

முழுமைத் திட்டம் என்றால் நகரத்துக்கு மட்டும் உரியது என்ற எண்ணம் நம் பக்கத்தில் பரவலாக இருக்கிறது, அது தவறு. கோயம்புத்தூர் உள்ளூர்த் திட்டப் பகுதிக்கு 1994-இல் ஒப்புதல் பெற்ற திட்டமே நகர எல்லையைத் தாண்டிப் பல ஊராட்சிகளை உள்ளடக்கியிருந்தது. 2041-ஆம் ஆண்டை இலக்காகக் கொண்டு 2024-இல் கருத்துக் கேட்புக்கு வெளியிடப்பட்ட புதிய வரைவு ஏறத்தாழ 1,530 சதுர கிலோமீட்டர் பரப்பைத் தழுவியது. ஆகவே “நாம் பஞ்சாயத்தில் இருக்கிறோம், நமக்கென்ன” என்று இருந்துவிடாமல், உங்கள் வருவாய்க் கிராமம் எந்தத் திட்டப் பகுதிக்குள் வருகிறது என்பதை மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். திட்டப் பகுதிக்கு வெளியே இருக்கும் ஊர்களில் விவசாய நிலத்தை வேறு பயனுக்கு மாற்றுவதற்கு 2017-இல் வகுக்கப்பட்ட தனி விதிகள் இருக்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையடிவார ஊர்கள் பலவற்றுக்கு, ஹாகா என்று வழங்கப்படும் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் கட்டுப்பாடும் 1990 முதல் உண்டு. உங்கள் கிராமம் அந்தப் பட்டியலில் இருந்தால், அதை மனுவின் முதல் பத்தியிலேயே குறிப்பிட வேண்டும்.

சட்டம் தரும் கால அளவும் ஒரு முக்கியமான வரியும்

1971-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 26-ஆம் பிரிவின்படி, வரைவுத் திட்டம் தயாரானதும் அரசிதழிலும் முன்னணி நாளிதழ்களிலும் அறிவிக்கை வெளியிட்டு, திட்டத்தின் படிகளை எங்கே பார்வையிடலாம் என்பதையும் தெரிவித்து, எழுத்து வடிவில் ஆட்சேபணைகளையும் ஆலோசனைகளையும் வரவேற்க வேண்டும். அரசிதழில் வெளியான நாளிலிருந்து இரண்டு மாதங்களுக்குக் குறையாத அவகாசம் தரப்பட வேண்டும். இரண்டு மாதம் என்பது கேட்பதற்கு நீளமாகத் தோன்றும். அறிவிக்கை நம் கண்ணில் படவே மூன்று வாரம் ஆகும். பதிவேடுகளை வாங்க இரண்டு வாரம் போகும். நடுவில் ஊர்த் திருவிழாவோ மஞ்சள் அறுவடையோ வந்தால் நாள்கள் கரைந்துவிடும். அறிவிக்கையைப் பார்த்த அன்றே அரசிதழ்த் தேதியையும் கடைசி நாளையும் எழுதி ஊராட்சி அலுவலகத்திலும் பால் கூட்டுறவுச் சங்கத்திலும் ஒட்டிவிடுவது நல்லது. பால் ஊற்ற நாளுக்கு இரண்டு முறை வருகிறவர்கள் கண்ணில் படாத அறிவிப்பு ஊருக்குத் தெரிந்ததாகாது.

அதே பிரிவு, காலக்கெடு முடிந்தபின், நேரில் கேட்கப்பட வேண்டும் என்று கோரியவர்களுக்குத் தம் தரப்பைச் சொல்ல நியாயமான வாய்ப்பளிக்க வேண்டும் என்கிறது. கோரியவர்களுக்கு என்பதை மறக்கக் கூடாது. மனுவின் கடைசிப் பத்தியில், “இம்மனு தொடர்பாக நேரில் விசாரிக்கப்பட விரும்புகிறேன், விசாரணை நாளை எழுத்து மூலம் எனக்குத் தெரிவிக்கக் கோருகிறேன்” என்று தனி வரியாக எழுதுங்கள். எங்கள் ஊர் முதல் முறை இழந்தது இந்த ஒரு வரியைத்தான்.

ஆட்சேபணை தெரிவிக்கப் பட்டா தேவையில்லை என்பதும் தெளிவாகத் தெரிந்திருக்க வேண்டும். எந்த ஒரு நபரும் தெரிவிக்கலாம் என்பதே சட்டம். பட்டா கணவர் பெயரிலோ மாமனார் பெயரிலோ இருக்கும் பெண்கள், குத்தகைக்கு உழுபவர்கள், நிலமே இல்லாமல் மேய்ச்சல் புறம்போக்கை நம்பி நாலு ஆடு வளர்ப்பவர்கள், ஊருக்கு வெளியே குடியிருப்பில் வாழ்ந்து வண்டித்தடத்தின் வழியே வேலைக்கு நடந்து போகும் தொழிலாளர்கள் ஆகிய அனைவருக்கும் பத்து ஏக்கர் தோட்டம் வைத்திருப்பவருக்கு உள்ள அதே உரிமை உண்டு. ஊரில் மனு எழுத உட்காரும்போது இவர்களை விட்டுவிட்டுப் பட்டாதாரர்கள் மட்டும் கூடினால், பொது நிலத்தைப் பற்றிய சாட்சியம் பதிவாகாமலே போய்விடும். வரைபடத்தில் பிழை அதிகம் நேர்வதும் பெரும்பாலும் அந்தப் பொது நிலத்தில்தான்.

வரைபடத்தையும் நிலத்தையும் ஒப்பிடுதல்

இந்த வேலைக்கு ஆகும் உழைப்பில் பெரும்பங்கு இங்கேதான் போக வேண்டும். வரைவு வரைபடத்திலிருந்து உங்கள் கிராமத்துப் பகுதியைப் பெரிதாக்கிப் படி எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பக்கத்தில் வருவாய்த் துறையின் கிராம வரைபடத்தையும், சம்பந்தப்பட்ட புல எண்களின் எல்லைகளையும் அளவுகளையும் காட்டும் புலப்படங்களையும், ஒவ்வொரு புல எண்ணின் வகையையும் பதிந்திருக்கும் ‘அ’ பதிவேட்டின் பக்கங்களையும் வைத்துக்கொள்ளுங்கள். பட்டா, சிட்டா, ‘அ’ பதிவேட்டு விவரம் ஆகியவற்றை அரசின் இணையவழிச் சேவைத் தளத்திலேயே எடுத்துவிடலாம். எந்த நிலத்தில் என்ன பயிர் என்பதைக் காட்டும் அடங்கலைக் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டுப் பெறலாம். பழைய கிரயப் பத்திரத்தில் இருக்கும் எண்ணும் மறு நில அளவைக்குப் பின் வந்த எண்ணும் வேறுபடக்கூடும் என்பதால், மனுவில் இன்று வழக்கில் உள்ள புல எண்ணையும் உட்பிரிவையுமே எழுத வேண்டும். பரப்பைப் பட்டாவில் உள்ளபடி ஹெக்டேர், ஏர் கணக்கில் எழுதிவிட்டு, பக்கத்தில் ஏக்கர் கணக்கையும் எழுதினால் விசாரணையில் குழப்பம் வராது. நாற்பதரை ஏர் சேர்ந்தது ஓர் ஏக்கர்.

பிறகு காகிதங்களை எடுத்துக்கொண்டு நடக்க வேண்டும். அலுவலகத்தில் உட்கார்ந்து வரையப்பட்ட படம் கொங்கு நாட்டு நிலத்தை எங்கெங்கே தவறாகப் படிக்கும் என்பது நடந்தால்தான் தெரியும். நான் கண்டவரை நான்கு இடங்களில் பிழை மீண்டும் மீண்டும் வருகிறது.

முதலாவது கொறங்காடு. காங்கேயம், தாராபுரம், மூலனூர் வட்டாரங்களில் கிளுவை வேலி கட்டி, கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமுமாகத் தலைமுறை தலைமுறையாகப் பேணப்படும் தனியார் மேய்ச்சல் நிலம் அது. காங்கேயம் மாடு நிலைத்து நிற்பதற்கே அந்த நிலம்தான் அடிப்படை. உழவு இல்லாததால் அடங்கலில் அது தரிசு என்று ஏறிவிடுகிறது. செயற்கைக்கோள் படத்தில் பார்ப்பவருக்கும் அது வெறும் வறண்ட நிலமாகவே தெரியும். தரிசு என்று பதிவான நிலத்தைத் தொழில் மண்டலத்துக்கு ஒதுக்குவது யாருக்கும் உறுத்தாது. ஆகவே கொறங்காடு வைத்திருப்பவர் தம் மனுவில் எத்தனை உருப்படி மாடு, எருமை, செம்மறியாடு அந்தக் காட்டில் எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை மேய்கின்றன, வேலி எத்தனை ஆண்டுப் பழமையானது, தண்ணீர்த் தொட்டி எங்கே இருக்கிறது என்பதை எழுத வேண்டும். ஐப்பசி மழைக்குப் பின் புல் நிற்கும்போது எடுத்த படமும் கோடையில் எடுத்த படமும் இரண்டும் இணைக்க வேண்டும். “இது தரிசு அன்று, பயன்பாட்டில் உள்ள மேய்ச்சல் நிலம்” என்பதை நிலைநாட்டினாலொழிய மற்ற வாதங்கள் எடுபடா.

இரண்டாவது இட்டேரி. இரு பக்கமும் வேலி நிற்க, நடுவே வண்டி போகும் அந்தத் தடங்கள் சில புலப்படத்தில் வண்டிப்பாதை என்று இருக்கும். சில பட்டா நிலத்தினுள்ளேயே மாமூல் வழியாக இருந்து எந்தப் படத்திலும் இராது. திட்டத்தில் இட்டேரியின் மேல் அகலமான சாலை உத்தேசிக்கப்பட்டிருந்தால், இருபுறமும் எவ்வளவு நிலம் போகும், எந்தக் கிணறு சாலைக்குள் விழும், அந்த வேலியில் உள்ள மரங்கள் எத்தனை என்பவற்றை அளந்து எழுத வேண்டும். எதுவும் காட்டாமல் அதன் மேல் மனைப்பகுதி நிறம் பூசப்பட்டிருந்தால், அவ்வழியை நம்பியிருக்கும் தோட்டங்களின் புல எண்களை வரிசையாகக் குறிப்பிட்டு, வழியைப் பொதுப் பாதையாகக் காட்டக் கோர வேண்டும்.

மூன்றாவது, பள்ளம் என்று நாம் சொல்லும் சிற்றோடையும் குட்டையும். ஆண்டில் பத்து மாதம் காய்ந்து கிடக்கும் பள்ளத்தைக் கோடையில் பார்த்தவர் நிலமென்றே நினைப்பார். ஒரு கன மழையில் தண்ணீர் எதுவரை ஏறியது என்பதை ஊர்ப் பெரியவர்களைக் கொண்டு அடையாளம் காட்டச் செய்து, அந்த இடங்களைப் புல எண்ணோடு பதிவு செய்யுங்கள். 2024 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்ட அத்திக்கடவு–அவினாசித் திட்டத்தில் கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு மாவட்டங்களின் 1,045 குளம், குட்டைகளுக்குத் தண்ணீர் கொண்டுவர வழி செய்யப்பட்டிருக்கிறது. உங்கள் குட்டை அந்தப் பட்டியலில் இருந்தால், பல ஆண்டுகள் வறண்டிருந்தது என்ற காரணத்துக்காக அதையோ அதன் வரத்து வாய்க்காலையோ வேறு பயனுக்குக் காட்டுவது அரசே பெரும் பொருட்செலவில் செய்த வேலையைக் கெடுப்பதாகும் என்று தயங்காமல் எழுதலாம்.

நான்காவது பாசன ஆயக்கட்டு, அதாவது கால்வாய்த் தண்ணீர் பாயும் நிலம். கீழ்பவானிக் கால்வாய் ஏறத்தாழ 200 கிலோமீட்டர் ஓடி 2,07,000 ஏக்கருக்குப் பாசனம் தருகிறது. ஒற்றைப்படை மதகுகளுக்கும் இரட்டைப்படை மதகுகளுக்கும் முறை வைத்துத் தண்ணீர் விடப்படுகிறது. முறை இல்லாத பருவத்தில் ஒருவர் வந்து பார்த்தால் வயல் காய்ந்து கிடக்கும். பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனத்திலும் நிலங்களை மண்டலங்களாகப் பிரித்து முறை வைத்துத் தண்ணீர் விடுவதால் இதே நிலைதான். நீங்கள் எந்த மதகின் கீழ் வருகிறீர்கள், எந்தப் பருவத்தில் எந்தப் பயிர் செய்கிறீர்கள் என்பதைப் பாசனச் சபையின் சான்றோடு சேர்த்துக் கொடுத்தால், வறண்ட வயலின் படம் உங்களுக்கு எதிரான சான்றாக மாறாது.

இந்த நான்கோடு, ஊருக்கு வெளியே நடப்பதும் ஊரின் விஷயமே. நொய்யலின் குறுக்கே 1992-இல் பாசனத்துக்காகக் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயக் கழிவுநீர் தேங்கும் இடமாகி, கீழ்ப்பகுதி விவசாயிகள் நீதிமன்றத்தை நாட நேர்ந்ததையும், விதிகளைக் கடைப்பிடிக்காத சாயப்பட்டறைகளை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் 2011 ஜனவரியில் ஆணையிட்டதையும் இந்தப் பக்கத்தில் அறியாதவர் இல்லை. கீழ்ப்பகுதி ஊர்க்காரர்கள் நிலத்தின் மேல் எந்தத் தொழிற்சாலையும் கட்டப்படவில்லை. தண்ணீர் வழியாகவே பாதிப்பு வந்தது. ஆகவே பக்கத்து ஊராட்சியில் தொழில் மண்டலம் உத்தேசிக்கப்பட்டு, அந்தப் பள்ளத்துத் தண்ணீர் உங்கள் குட்டைக்கு வருமானால், நீங்கள் சாட்சியம் சொல்ல முழு உரிமை உள்ளவர்கள். உங்கள் கிணற்று நீரை இப்போதே பரிசோதித்து அறிக்கை வாங்கி வைப்பதும் பயன் தரும். பிற்காலத்தில் தண்ணீர் மாறினால் இதுதான் ஒப்பிட உதவும்.

மனுவை எழுதுதல்

ஒரு மனுவில் ஒரே கோரிக்கை இருப்பது நல்லது. தொழில் மண்டல ஆட்சேபணையையும் சாலை அகலத்தையும் குட்டைக் கரையையும் ஒரே தாளில் கலந்தால், அவற்றைத் தனித்தனிப் பிரிவுகள் பரிசீலிக்கும்போது ஏதாவது ஒன்று விடுபடும். மனு இரண்டு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். இணைப்புகள் எத்தனை பக்கம் வேண்டுமானாலும் இருக்கலாம்.

எழுதும் வரிசை எளியது. வரைவு என்ன சொல்கிறது, நிலத்தில் இன்று என்ன இருக்கிறது, அந்த முரண்பாட்டால் யாருக்கு என்ன நேரும், எதை எப்படித் திருத்த வேண்டும் என்பனவே அது. ஓர் உதாரணம் தருகிறேன். உங்கள் விவரங்களுக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்:

“வரைவு வரைபடத்தில் மேற்படி கிராமத்தின் இன்ன புல எண்கள் தொழிற்சாலை உபயோகப் பகுதியாகக் காட்டப்பட்டுள்ளன. இவற்றின் வடபுறம் ஓடும் பள்ளம் ‘அ’ பதிவேட்டில் ஓடைப் புறம்போக்காக உள்ளது. அப்பள்ளம் 600 மீட்டர் தொலைவில் எங்கள் ஊர்க் குட்டையில் சேர்கிறது. அக்குட்டையைச் சுற்றிலும் 14 பாசனக் கிணறுகளும் ஊராட்சியின் குடிநீர் ஆழ்குழாய்க் கிணறு ஒன்றும் உள்ளன. அவற்றின் புல எண்கள் இணைப்பு 2-இல் தரப்பட்டுள்ளன. ஆகவே மேற்படி புல எண்களை வேளாண்மை உபயோகப் பகுதியாகவே வைத்திருக்குமாறும், பள்ளத்தின் முழு நீளத்தையும் நீர்நிலையாக வரைபடத்தில் காட்டுமாறும் கோருகிறேன்.”

இந்த மனுவில் கோபச் சொல் எதுவும் இல்லை. ஆனால் இதைத் தள்ளுபடி செய்ய வேண்டுமென்றால் ஓர் அலுவலர் பள்ளத்தையும் கிணறுகளையும் பற்றிப் பதில் எழுத வேண்டியிருக்கும். “வேண்டாம்” என்பதோடு நிற்காமல், முடிந்தால் மாற்று வழியையும் சொல்லுங்கள். 2021-இல் அன்னூர், மேட்டுப்பாளையம் வட்டங்களில் 3,800 ஏக்கருக்கும் மேல் தொழிற்பூங்காவுக்காக உத்தேசிக்கப்பட்டபோது விவசாயிகள் தொடர்ந்து எதிர்த்தனர். 2022 டிசம்பரில், தனியார் நிறுவனத்தின் வசமிருந்த ஏறத்தாழ 1,630 ஏக்கரோடு நிற்பதாகவும் விவசாயிகளின் விருப்பமின்றி அவர்கள் நிலம் எடுக்கப்படாது என்றும் அரசு தெரிவித்தது. எந்த நிலம் யாரிடம் இருக்கிறது, எதற்குப் பயன்படுகிறது என்ற பாகுபாடு அங்கே எவ்வளவு முக்கியமாயிற்று என்பதை நம் மனுக்களை எழுதும்போது மனத்தில் கொள்ளலாம்.

வளர்ச்சி வேண்டுமென்று சொல்ல விரும்புகிறவர்களும் ஊரில் இருப்பார்கள். அவர்களுடைய மனுவும் அதே அளவு கவனத்தோடு எழுதப்பட வேண்டும். வீட்டோடு சேர்ந்த கூடத்தில் நான்கு தறி ஓட்டுகிற குடும்பத்துக்கு, அந்த இடம் முழுக் குடியிருப்பாக வகைப்படுத்தப்பட்டால் பிற்காலத்தில் உரிமம் பெறுவது சிக்கலாகலாம். பல்லடம் பக்கத்தில் கோழிப்பண்ணை வைத்திருப்பவருக்கு அருகில் குடியிருப்பு மண்டலம் வந்தால் ஈ, நாற்றம் பற்றிய புகார்கள் அடுத்த நாளே தொடங்கும். தேங்காய்க் களம், உலர்களம், கல் குவாரி என ஒவ்வொன்றுக்கும் அக்கம்பக்கத்தோடு ஓர் உறவு உண்டு. ஊருக்குள் முரண்பட்ட கருத்துகள் இருந்தால் அவற்றை மூடி மறைத்து ஒரே குரலாகக் காட்ட வேண்டியதில்லை. ஆனால் ஒரே பள்ளத்தைப் பற்றி இரண்டு மனுக்களில் இரண்டு அளவு இருக்கக் கூடாது. அளவுகளை மட்டும் எல்லாரும் சேர்ந்து எடுத்துக்கொள்வது அதனால்தான் நல்லது.

மனுவைக் கொடுக்கும்போது இரண்டு படி எடுத்துச் சென்று ஒன்றில் முத்திரையும் தேதியும் பெற்று வாருங்கள். அஞ்சலில் அனுப்பினால் ஒப்புகையை மனுவின் படியோடு சேர்த்துத் தைத்து வையுங்கள். தனித்தனி மனுக்கள் கூட்டு மனுவைவிட வலுவானவை. நேரமில்லாதபோது மட்டும் கூட்டு மனு கொடுக்கலாம், அப்போதும் ஒவ்வொரு கையெழுத்துக்கும் நேராகப் புல எண்ணையோ தொழிலையோ எழுதச் சொல்லுங்கள்.

கிராம சபைத் தீர்மானம்

தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள்களில் கிராம சபை கூடுகிறது. ஆட்சேபணைக் காலத்துக்குள் இவற்றில் ஒரு நாள் வந்தால், வரைவுத் திட்டத்தைப் பொருள் நிரலில் சேர்க்க முன்கூட்டியே எழுத்து மூலம் கேளுங்கள். ஊராட்சி தனி அலுவலர் பொறுப்பில் இருந்தாலும் கிராம சபை கூடத்தான் வேண்டும். அந்தத் தீர்மானம் திட்டக் குழுமத்தைச் சட்டப்படி கட்டுப்படுத்தாது. இருந்தும், தனிமனிதர்களின் மனுக்களுக்குப் பின்னால் ஊரின் பதிவான முடிவு இருக்கிறது என்பதைக் காட்டும் என்பதால், அதன் சான்றிட்ட படியை ஒவ்வொரு மனுவோடும் இணைக்கலாம். வருகைப் பதிவேட்டில் போதிய எண்ணிக்கை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். போதிய எண்ணிக்கையில் ஆள் வராத கூட்டத்தின் தீர்மானத்தை எவரும் எளிதில் ஒதுக்கிவிடுவார்கள்.

நேரில் பேசும் நாள்

ஒருவருக்குச் சில நிமிடங்களே கிடைக்கும் என்று எண்ணித் தயாராகுங்கள். மூன்று நிமிடத்தில் சொல்லி முடிக்கக்கூடியதை வீட்டில் இரண்டு முறையாவது வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். தொடக்கம் இப்படி இருக்கலாம்: “அய்யா, வணக்கமுங்க. என் பெயர் இன்னது, இன்ன கிராமம், இன்ன தேதியில் நான் கொடுத்த மனுவின் ஒப்புகை எண் இது. இன்ன புல எண்ணில் உள்ள குட்டையைப் பற்றி மட்டும் பேசுகிறேனுங்க.” இதைக் கேட்டதும் எதிரே இருப்பவர் உங்கள் கோப்பை எடுத்துவிடுவார், அதன்பின் நீங்கள் பேசுவது அந்தக் கோப்போடு சேர்ந்து நிற்கும். நம் வட்டாரப் பேச்சிலேயே பேசலாம்; அதற்குத் தயங்க வேண்டியதில்லை. மேடைத் தமிழுக்கு முயன்று சொல்ல வந்ததை மறந்தவர்கள் உண்டு.

மனுவில் உள்ளதைத் திரும்பப் படிக்க வேண்டாம். மனுவில் எழுத முடியாததை, அதாவது நீங்கள் கண்ணால் கண்டதைச் சொல்லுங்கள். எங்கள் பக்கத்து ஊரில், ஆடு மேய்க்கும் ஓர் அம்மா, பள்ளத்தில் தண்ணீர் வரும்போது ஆடுகளை எந்த வழியாக மேட்டுக்கு ஓட்டிப் போவார் என்பதை வரைபடத்தின் மேல் விரலால் தொட்டுக் காட்டினார். அந்த வழி முழுவதும் மனைப்பகுதியாகக் காட்டப்பட்டிருந்தது. அவர் காட்டிய பிறகுதான் அந்த இடத்தைப் பற்றிய கேள்விகளே எழுந்தன. எழுதப் படிக்கத் தெரியாது என்பதால் இப்படிப்பட்டவர்களைப் பின்வரிசையில் உட்கார வைப்பது பெரிய இழப்பு. அவர்களுக்கு மனு எழுதித் தருபவர் பக்கத்தில் நிற்கலாம். பேச வேண்டியவர் அவர்கள்தான்.

நட்ட ஈடு எவ்வளவு, அந்தத் திட்டத்தால் யாருக்கு லாபம், முந்தைய ஆட்சி என்ன செய்தது என்ற பேச்சுகள் அன்றைய பொருளுக்குப் புறம்பானவை. உங்களை இடைமறித்து “மனுவில் உள்ளதுதானே” என்று கேட்டால், “ஆமாங்க, ஓர் அளவை மட்டும் சேர்த்துச் சொல்கிறேன்” என்று அந்த ஒரு செய்தியைச் சொல்லி முடித்துவிடுங்கள். எதிர்க்கருத்துள்ள ஊர்க்காரர் பேசும்போது குறுக்கே பேசாதீர்கள். அவர் சொன்ன புல எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பேசி முடித்ததும், பேசியதன் சுருக்கத்தை ஒரு தாளில் கொடுத்து, அதைப் பதிவில் சேர்க்கக் கோரி, அதற்கும் ஒப்புகை பெறுங்கள்.

விசாரணைக்குப் பின்

வரைவைத் திருத்தியோ திருத்தாமலோ திட்டக் குழுமம் அரசின் ஒப்புதலுக்கு அனுப்பும். உங்கள் மனு என்ன ஆயிற்று என்று தானாகக் கடிதம் வரும் என எதிர்பார்க்க வேண்டாம். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் கீழ்ப் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு விண்ணப்பித்து, உங்கள் மனுவின் மீது எழுதப்பட்ட குறிப்புகளையும் எடுக்கப்பட்ட முடிவையும் கேளுங்கள். முப்பது நாளில் பதில் தர வேண்டும். “என் மனு ஏன் ஏற்கப்படவில்லை” என்று கேட்டால் அது கேள்வியாகக் கருதப்பட்டுத் தள்ளப்படலாம். “என் மனு தொடர்பான கோப்பின் நகல்கள்” என்று ஆவணமாகக் கேட்பதே சரி.

ஒப்புதல் பெற்ற வரைபடம் வெளியானதும், வரைவையும் அதையும் புல எண் வாரியாக மீண்டும் ஒப்பிடுங்கள். திருத்தம் எழுத்தில் ஏற்கப்பட்டு, வரைபடத்தில் இடம்பெறாமல் போவதும் நடக்கிறது. அப்போது ஒப்புகை முத்திரையிட்ட உங்கள் படியும் தகவல் சட்டத்தில் பெற்ற நகலும் சேர்ந்துதான் திருத்தத்துக்கு அடிப்படையாகும். ஒப்புதலுக்குப் பின்னும் திட்டத்தை மாற்றியமைக்கச் சட்டத்தின் 32-ஆம் பிரிவு வழி வைத்திருக்கிறது. மனுக்கள், இணைப்புகள், படங்கள், கிணற்று நீர் அறிக்கை, கிராம சபைத் தீர்மானம் ஆகிய அனைத்தையும் ஒரே கோப்பாகக் கட்டி, ஒரு படியை ஊராட்சி அலுவலகத்திலும் இன்னொன்றை ஊரிலேயே தங்கியிருக்கும் இளையவர் ஒருவரிடமும் கொடுத்து வையுங்கள். அடுத்த திட்டத்துக்கான அறிவிக்கை வரும்போது, இன்று பள்ளத்தின் நீர்மட்டத்தைக் காட்டிய பெரியவர் உயிரோடு இல்லாமல் இருக்கலாம்.